கையிருப்பில் நாற்பத்து மூன்று சிரிப்புகள்

சட்டைக்கு இஸ்திரி போடும்போது முதலில் காலரைத்தான் தேய்க்க வேண்டும். பலர் முதுகில் ஆரம்பிப்பார்கள். காலருக்கு வந்து சேர்வதற்குள் முதுகு மறுபடி கசங்கிப் போயிருக்கும். அன்று எனக்கு இந்த நுணுக்கத்துக்கெல்லாம் நேரமில்லை. பேருந்து வர முக்கால் மணி நேரம்தான் இருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டையை அவசர அவசரமாகத் தேய்த்து, கொக்கியில் மாட்டி, எட்டி நின்று பார்த்தேன். கடையில் தொங்குகிற சட்டை மாதிரி இருந்தது. எடுத்து முழங்கைப் பக்கம் மட்டும் கொஞ்சம் கசக்கி மறுபடி மாட்டினேன். இப்போது ஒரு ஆள் நேற்றுவரை போட்டிருந்த சட்டை ஆகிவிட்டது.

புது சோப்பை உறை பிரித்துத் தண்ணீரில் தேய்த்துப் பாதியாகக் கரைத்தேன். பற்பசையை நடுவயிற்றில் அழுத்திப் பிதுக்கினேன். வாசலில் ஒரு ஜோடி செருப்பு. ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. பாயை விரித்து, நானே அதில் ஒருமுறை படுத்து உருண்டு எழுந்தேன். ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்த அறை, அரை மணி நேரத்தில் குடியிருக்கும் அறையாகிவிட்டது. என்னிடம் அந்தச் சாமர்த்தியம் உண்டு.

பேருந்தில் வந்துகொண்டிருந்தவர்கள் மூன்று பேர். சிரிப்பின் மனைவி, எட்டு வயது மகள், மனைவியின் அண்ணன். சிரிப்பு என்பது பட்டப்பெயர்தான். ஆனால் அவனைப் பெற்றவர்களே அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டு, பாதி வழியில்தான் அவன் போனுக்குச் செய்தி அனுப்பினார்கள்: ‘மூட்டை முடிச்சோட வரோம். இனிமே உங்ககூடதான். பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க.’

அந்தப் போன் என் சட்டைப் பையில் இருந்தது. சிரிப்பு இறந்து அன்றைக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. சொல்கிறேன். எனக்கும் எதையும் ஒழுங்காகச் சொன்னால்தான் பிடிக்கும்.

எங்கள் சலவை ஆலையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் நாளொன்றுக்கு ஒன்பதாயிரம் படுக்கை விரிப்புகள் வரும். அழுக்காக வந்து, வெளுத்து, காய்ந்து, மடிந்து போகும். உள்ளே எப்போதும் வெக்கை. ஆட்கள் நிற்க மாட்டார்கள். நான் மேற்பார்வையாளன் ஆனதே, ஆட்களை நிற்க வைத்ததால்தான்.

அதற்குப் பெரிய மந்திரமெல்லாம் கிடையாது. போனில் ஒரு குழு ஆரம்பித்தேன். பெயர், ‘வந்து சேர்ந்தாச்சு’. எங்கள் பக்கத்துப் பதினான்கு கிராமங்களில் யாருக்கு நகரத்துக்கு வர ஆசை வந்தாலும் அந்தக் குழுவில் ஒரு கேள்வி போட்டால் போதும். எந்தப் பேருந்து, எங்கே இறங்குவது, எந்த டாக்டர் மருந்துக்கு முன்னால் ஆளைப் பார்ப்பார், எந்த வீட்டுக்காரர் தண்ணீரைப் பூட்டி வைப்பார், எல்லாம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். இறங்குகிறவரை அழைத்துவர நானே போவேன். ஊரில் என்னை ‘அந்தாளு’ என்றுதான் சொல்வார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுமளவுக்கு நான் யாருக்கும் முக்கியமில்லை. இங்கே வந்து மூன்று வருடத்தில் நான் ‘அட்மின் அண்ணன்’ ஆகிவிட்டேன். பெண் பார்க்கப் போகும் முன் என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள்.

குழுவில் ஒரு வழக்கம். புதிதாக வந்தவர் முதல் நாள் ஒரு போட்டோ போட வேண்டும். பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியில், பின்னால் உயரமான கண்ணாடிக் கட்டடங்கள் தெரிய, நீலக் கட்டம் போட்ட சட்டையில். ஆமாம், அதே சட்டைதான். முப்பத்தோரு பேர் அதைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒருவருக்குத் தொளதொள, ஒருவருக்குப் பொத்தான் மூடாது. ஊரில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவரவர் வீட்டு ஆளின் முகத்தை மட்டும்தானே பார்க்கிறார்கள்.

மாடியிலிருந்து இறங்கியதும் பத்துப் பேர் படுக்கும் அறைக்குத்தான் போவார்கள். அந்த அறையை யாரும் போட்டோ எடுத்துப் போட்டதில்லை. போடாதே என்று நான் சொன்னதும் இல்லை. தான் ஏமாந்ததை ஊருக்குக் காட்ட யாருக்கு மனசு வரும்? வந்தவர் சிரித்து நிற்பார். அதைப் பார்த்து அடுத்தவர் கிளம்புவார். அதில் என் பங்கு சட்டையைத் துவைத்து வைப்பது மட்டும்தான்.

சிரிப்பு வந்த பிறகு இது வேறு உயரத்துக்குப் போனது.

உருளை இஸ்திரி இயந்திரத்தில் வேலை. முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி. அவன் சிரித்தால் எதிரே நிற்பவனுக்குக் காரணம் தெரியாமல் சிரிப்பு வரும். விளையாட்டாக ஒரு வீடியோ எடுத்துப் போட்டோம். ஒரு வாரத்தில் ஊர்ப்பக்கம் முழுக்க அவனைத் தெரிந்துவிட்டது. நகரத்தில் தானாகத் திறக்கும் கதவுக்கு வணக்கம் சொன்ன கதை, நகரும் படிக்கட்டில் செருப்பை விட்ட கதை, எல்லாவற்றையும் கடைசியில் ‘பயப்படாம வாங்க, நான் இருக்கேன்’ என்று முடிப்பான்.

வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அன்றைக்கு உட்கார்ந்து மொத்தமாக எடுத்துவிடுவோம். பின்னால் ஒரு வெள்ளை விரிப்பைக் கட்டுவோம். எங்களிடம் வெள்ளை விரிப்புக்குப் பஞ்சமா? ஏழெட்டுச் சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வான். நான் கேமரா பிடிப்பேன். ஒரே மத்தியானத்தில் இரண்டு வாரத்துக்கான சிரிப்பு சேர்ந்துவிடும். அவன் போனின் பூட்டு எண் எனக்கு மனப்பாடம்.

பிறகு ஒரு விடுமுறை நாளில் உலர்த்தும் இயந்திரத்தில் அந்த விபத்து நடந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன். ஆலையின் பின்புறம் ஒரு பழைய கழிவுநீர்த் தொட்டி. அந்த வாரம் அதை மண் கொட்டி மூடுவதாக ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தது. நீங்களே தோண்டிப் பார்த்துவிட்டீர்கள். அதைப் பற்றி இனி என்ன பேசுவது.

போனைத் திறந்து பார்த்தேன். வெளியிடாத வீடியோ நாற்பத்து மூன்று கையிருப்பில் இருந்தது.

அந்த வாரம் ஊரிலிருந்து பதினாறு பேர் கிளம்பத் தயாராக இருந்தார்கள். சிரிப்பு இல்லை என்று சொன்னால் என்ன ஆகும்? பதினாறு குடும்பம் தடுமாறும். ஒன்பது நாளுக்கு ஒன்று என்று வெளியிட ஆரம்பித்தேன். ஆலையில், புதிதாகத் திறந்திருக்கும் வெளியூர்க் கிளைக்கும் இங்கேயுமாக அலைகிறான் என்று சொன்னேன். நாங்கள் தங்கும் கட்டடத்திலேயே, அவன் பெயரில் இரண்டாம் மாடியில் ஓர் அறை வாங்கிப் பூட்டி வைத்தேன். மூன்று ஷிப்டு ஓடுகிற இடம். யார் எப்போது தூங்குகிறார், எப்போது எழுகிறார் என்று யாருக்குத் தெரியும்? மடிப்பு மேசையில் ஒருவர், “நேத்துகூடப் பார்த்தேனே, பச்சைச் சட்டை போட்டிருந்தான்” என்றார். போனில் பார்த்திருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தவர்களுக்குக்கூட அவன் போனுக்குள் இருந்தாலே போதுமானதாக இருந்தது.

மனைவிக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. பழைய குரல் பதிவுகள் போனில் முந்நூறுக்கு மேல் இருந்தன. ‘சரி சரி’, ‘சாப்பிட்டியா’, ‘பாப்பா தூங்கிட்டாளா’, ‘அப்புறம் பேசறேன்’. கல்யாணமாகிப் பத்து வருடமான ஒரு கணவனைப் பதினொரு வாக்கியங்களை வைத்துக்கொண்டு எவ்வளவு காலம் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மீதியைத் தட்டச்சு செய்வேன். நேராக அழைத்தால் எடுக்க மாட்டேன்; ‘மிஷின் சத்தம், ஒண்ணும் கேக்கல’ என்று எழுதிவிடுவேன். வீடியோவில் பேசச் சொன்னால், முன்பக்கக் கேமரா உடைந்துவிட்டது.

எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு இதயம் அழுத்தினேன். அதுதான் நான் செய்த தப்பு.

சிரிப்பின் மைத்துனர் ஊரில் டிராக்டர் மெக்கானிக். புதிதாக ஒரு பைக் வாங்கி, அதன்மேல் சாய்ந்து நின்று போட்டோ போட்டிருந்தார். வீட்டு ஆளாயிற்றே என்று சிரிப்பின் கணக்கிலிருந்து ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுவிட்டேன். அவர்கள் நான்கு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்குத் தெரியாது. ஒரு குடும்பப் போட்டோவைப் போடும்போது, ஓரத்தில் நின்ற சிரிப்பை மைத்துனர் வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார். ஓரமாக ஒரு கை மட்டும் தெரியுமாம். அன்றைக்கு முறிந்த உறவு. நான்கு வருடம் யார் யாரோ சமாதானம் பேசியும் ஆகாதது, என் கட்டைவிரல் பட்டதும் ஆகிவிட்டது. மனிதர் பைக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, தங்கையையும் அவன் கையில் ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று மூவருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார்.

பேருந்து நிலையத்தில் அவர்தான் முதலில் இறங்கினார்.

“மாப்ள எங்க? எங்களப் பார்த்துட்டுத் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறாரா?”

“நேத்துதான் அவசரமா கிளைக்கு அனுப்பிட்டாங்க. மூணு மாசம் ஆகும். உங்க மெசேஜைப் பார்த்துட்டு என்னைப் போகச் சொன்னான். நீங்க வர்றது முன்னாடியே தெரிஞ்சிருந்தா காலைப் பிடிச்சாவது நிறுத்தியிருப்பேன்.”

“பாத்தியாம்மா? சொல்லிட்டு வரலாம்னேன். ‘திடீர்னு போய் நின்னு அவர் மூஞ்சியப் பாக்கணும்’னு நீதான.”

“பாத்தாச்சு, நல்ல மூஞ்சி” என்றாள் அவள், மூட்டையை என் கையில் கொடுத்தபடி. “விடு அண்ணே. மூணு மாசம்தான. பத்து வருசத்துல அவர் எப்ப சொன்ன நேரத்துக்கு வந்திருக்காரு?”

அவளை எனக்கு உடனே பிடித்துவிட்டது. தங்கச்சி என்றுதான் கூப்பிட்டேன். அவள் அறைக்குள் போய், கொக்கியில் தொங்கிய சட்டையின் முழங்கையை நீவிவிட்டாள். கரைந்த சோப்பைப் பார்த்து, “கடைசிவரைக்கும் இத நிமித்தி வைக்கப் பழகல” என்றாள். நான் நினைத்ததைவிட நன்றாகவே அமைந்திருந்தது.

மைத்துனர் இரண்டு நாள் இருந்துவிட்டு, வெட்டாத முழுப் போட்டோவைப் போட்டு, அதன் கீழே சிரிப்பிடமிருந்து ஒரு ‘சரி சரி’ வாங்கிக்கொண்டு நிம்மதியாக ஊருக்குப் போனார்.

அவளை மடிப்பு மேசையில் சேர்த்துவிட்டேன். இந்த நகரத்தில் காலூன்ற ஆட்கள் எவ்வளவு தவிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் ஒரு நாளும் தவிக்கவில்லை. பாப்பாவைப் பள்ளியில் சேர்க்க என்ன காகிதம் வேண்டும் என்று கணவனுக்கு எழுதுவாள். அதே கட்டடத்தின் தரைத்தள அறையிலிருந்து நான் பதில் எழுதுவேன். எந்தக் கடையில் காய்கறி வாடாமல் இருக்கும், எந்தத் தெருவில் நாய் தொல்லை, எந்த நம்பர் பேருந்து உட்கார இடம் தரும் என்று எல்லாம் சொன்னேன். மகளின் பிறந்தநாளுக்கு முதல் வாழ்த்து என்னுடையதுதான். அசல் ஆள் அதை இரண்டு வருடம் மறந்திருக்கிறான்.

மடிப்பு மேசையில் அவள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

“ஊர்ல இருக்கும்போது நாலு கேள்வி கேட்டா ஒரு ‘உம்’. இப்ப பத்தி பத்தியா எழுதறாருக்கா.”

“தூரம் போனாத்தான்டி ஆம்பளைக்கு வாய் முளைக்கும்” என்றாள் பக்கத்தில் நின்றவள். “என் வீட்டுக்காரரையும் அந்தக் கிளைக்கு அனுப்பச் சொல்லேன் அட்மின் அண்ணன்கிட்ட.”

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூன்று மாதம் ஐந்து மாதம் ஆனது. கிளையில் வேலை இழுத்துக்கொண்டே போனது. ஒருநாள் அவள் என்னிடம், “அண்ணே, ‘அட்மின் அண்ணன் நமக்குச் செஞ்சத எந்தக் காலத்துலயும் மறக்கக் கூடாது’ன்னு எழுதியிருக்காரு” என்று போனைக் காட்டினாள். முந்தைய நாள் நான் எழுதியதுதான். ஆனாலும் அவள் கையில் வைத்துப் படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. நல்ல வார்த்தைகள் யார் எழுதினால் என்ன?

பிடிபட்டது ஒரு விடுமுறை நாள் மத்தியானம். என் போனில் நெட் தீர்ந்துவிட்டது. அவசரமாக மூன்று புது ஆட்களைக் குழுவில் சேர்க்க வேண்டியிருந்தது. சிரிப்பின் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, என் போனை அதில் இணைத்துக்கொண்டேன். பத்து நிமிட வேலை.

இதற்குப் பிறகு மேலே நடந்தது, நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிரிப்பு ஊருக்கு லீவில் போகும்போதெல்லாம் அவன் நெட்டைத்தான் மனைவியின் போனுக்குக் கொடுப்பானாம். ஒருமுறை இணைந்த போன் அதை மறப்பதில்லை. மாடி அறையில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்த பாப்பா நிமிர்ந்து, “அம்மா, அப்பா நெட் வந்திருச்சு” என்றிருக்கிறாள்.

அவளுக்குச் சந்தேகமே வரவில்லை, ஐயா. கணவன் திடீரென்று வந்து நின்று தன் மூஞ்சியைப் பார்க்கப் போகிறான் என்றுதான் நினைத்தாள். தலை வாரிக்கொண்டாள். சேலை மாற்றிக்கொண்டாள். பாப்பாவையும் போனையும் கையில் பிடித்துக்கொண்டு தேடக் கிளம்பினாள். மொட்டை மாடிக்கு ஏறினால் போனில் நெட் கோடு மறைந்துவிட்டது. இறங்கினாள். முதல் மாடியில் இரண்டு கோடு. படிக்கட்டின் கீழே மூன்று. என் கதவின் முன்னால் எல்லாக் கோடும் நிரம்பிவிட்டது.

கதவைத் திறந்தேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணே, அவர உள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்கதான? நகருங்க, நகருங்க.”

“இல்லையே தங்கச்சி” என்றேன்.

“அப்பா போன்” என்றாள் பாப்பா.

மேசையில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்றின் பின்புறம் பாப்பா எப்போதோ ஒட்டிய மஞ்சள் நட்சத்திரம். தங்கச்சி உள்ளே வந்தாள். அந்தப் போனை எடுத்தாள். திரை திறந்தே இருந்தது. அவள் காலையில் அனுப்பிய செய்தி, அதன் கீழே நான் பாதி அடித்து வைத்திருந்த பதில்: ‘ரெண்டு பேரும் சாப்’

கத்துவாள் என்று நினைத்தேன். பாயில் உட்கார்ந்துவிட்டாள். விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். ஐந்து மாதம், ஏழு மாதம், அதற்கும் மேலே. பாப்பாவை வெளியே போய் நிற்கச் சொன்னாள். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எத்தனை நாளா?”

“ஒரு வருஷம் ஆகுது” என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சரி, விபத்துக்கு வருகிறேன்.

அதற்கு முந்தைய வாரம் சிரிப்பின் கை இஸ்திரி உருளையில் பட்டுவிட்டது. மணிக்கட்டுவரை வெந்துவிட்டது. கட்டோடுதான் வந்துகொண்டிருந்தான். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, “அண்ணே, திங்கக்கிழமை ஒரு வீடியோ போடப் போறேன். நீங்க கேமரா பிடிக்க வேணாம், நானே எடுத்துட்டேன்” என்றான்.

“என்ன வீடியோ?”

“எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லிட்டேன். அந்த ரூமு, இந்தக் கை. உங்களப் பத்தியும் சொல்லியிருக்கேன்.”

“என்னப் பத்தி என்னடா சொன்ன?”

“பாருங்களேன் திங்கக்கிழமை” என்று சொல்லி, பல் இடைவெளி தெரியச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று நான்கு நாள் யோசித்தேன். பதினான்கு கிராமமும் அவன் முகத்தைத்தான் நம்பியது. அந்த முகம் ஒரு நிமிடம் பேசினால் போதும், நான் மறுபடியும் அந்தாளு. கிளம்ப இருந்த பதினாறு பேரும் மூட்டையைப் பிரித்துவிடுவார்கள். என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

விடுமுறை அன்று ஆலையில் நாங்கள் இருவர்தான். பெரிய உலர்த்தியின் பீப்பாய்க்குள் ஒரு விரிப்பு முறுக்கிக்கொண்டிருந்தது. ஆள் குனிந்து நிற்குமளவு பெரிய பீப்பாய். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒற்றைக் கையோடு அவன்தான் உள்ளே ஏறினான். “நீங்க இருங்கண்ணே, உங்களுக்கு முதுகு வலி” என்றான்.

கதவு தானாக மூடிக்கொண்டது என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அந்தக் கதவு தானாக மூடாது. கைப்பிடியைத் தூக்கி, தோள் கொடுத்து அழுத்த வேண்டும். நான்தான் அழுத்தினேன். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் நான்தான். உள்ளேயிருந்து மூன்று முறை தட்டினான். முதல் இரண்டு தட்டுக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது. விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பான். ஆஸ்பத்திரி விரிப்புக்கு வைக்கும் நேரத்தைத்தான் வைத்தேன்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திங்கட்கிழமை வீடியோவைத் திறந்து பார்த்தேன். சொன்னபடியே சொல்லியிருந்தான். பத்துப் பேர் படுக்கிற அறையைச் சுற்றிக் காட்டினான். வெந்த கையைக் கட்டுப் பிரித்துக் காட்டினான். அப்புறம் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். “இத்தனையும் தெரிஞ்சுக்கிட்டு வர்றதா இருந்தா வாங்க. கை வெந்தன்னிக்கு அட்மின் அண்ணன் என்னைத் தோள்ல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு. கூடப் பொறந்தவன்கூட அப்படி ஓட மாட்டான். அவர் இருக்காரு, எனக்கு பயமில்ல. உங்களுக்கும் வேணாம்” என்று முடித்திருந்தான்.

அவ்வளவு நல்ல வீடியோவை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை, ஐயா. அறையும் கையும் வருகிற முன்பாதியை மட்டும் வெட்டிவிட்டு, திங்கட்கிழமை காலையே போட்டேன். அதைப் பார்த்து அந்தப் பதினாறு பேரும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நான் பேருந்து நிலையத்தில் காக்க வைத்தது கிடையாது.